இடது தோள் முடிச்சு

வெனிஸ் நகரத்தில் செப்புத் தகட்டில் படம் செதுக்கி அச்சடிக்கும் பட்டறை ஒன்று இருந்தது. அதை நடத்திய குரு ஸனேட்டா என்ற பெண்மணிக்கு முப்பத்திரண்டு வயது. சீடர் பியேரோவுக்கு ஐம்பத்தொன்று. கால்வாய்க்கரைக்காரர்களுக்குக் கேட்கவா வேண்டும்? "தாத்தா பள்ளிக்கூடம் போறார்" என்று கேலி செய்தார்கள். பியேரோ அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஊர் ஊராகப் பெண்கள் உடுத்தும் விதத்தைக் காட்டும் புத்தகம் ஒன்று அப்போது தயாராகிக்கொண்டிருந்தது. அதில் மீனவத் தீவுப் பெண்ணின் படம் பியேரோவின் பொறுப்பு. தேறினால் படத்தின் கீழே அவர் பெயர் வரும். முப்பது வருஷமாக அடுத்தவர் பெயரில் செதுக்கியவர் அவர். அந்த ஒரு வரிக்காக உயிரைக் கொடுத்து உழைத்தார்.

மூன்று மாதம் கழித்து, அச்சடித்த முதல் தாளை எடுத்துவந்து நீட்டினார். சால்வையின் இழைகளைக்கூட எண்ணிவிடலாம்.

"அம்மா, பேர் போட்டுக்கலாமா?"

ஸனேட்டா தாளை வாங்கி மேசையில் விரித்தார். வாசலில் மீன் விற்றுக்கொண்டிருந்த ஓர்சொலாவை உள்ளே கூப்பிட்டார். பியேரோ பார்த்து வரைந்தது அவளைத்தான்.

ஓர்சொலா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள்.

"அடேயப்பா! என் சால்வை. கிழிசலைத் தைச்ச இடம்கூட இருக்கே!"

சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். கை தானாக வலது தோளில் இருந்த சால்வை முடிச்சுக்குப் போனது.

"ஐயா, என் புருஷன் கப்பல்லேர்ந்து ஏதாவது சேதி வந்துச்சா?"

"ஏன் கேக்குறே?"

"முடிச்சை இடப்பக்கம் போட்டிருக்கீங்களே. எங்க தீவில புருஷன் செத்தாத்தான் இடது தோளுக்கு மாத்துவோம்."

செம்பில் வலப்பக்கம் வெட்டியது தாளில் இடப்பக்கம் விழும். தொழிலுக்கு நேற்று வந்தவனுக்கும் தெரிந்த சங்கதி. படத்தின் கீழே தீவின் பெயரை மறக்காமல் திருப்பித்தான் செதுக்கியிருந்தார் பியேரோ. பெண்ணைத் திருப்ப அவருக்குத் தோன்றவே இல்லை.

"சேதி ஒண்ணும் வரலைம்மா. என் தப்பு. தாள்ல பக்கம் மாறி விழுந்துடுச்சு."

அவள் தலையாட்டினாள். ஆனாலும் தன் தோள் முடிச்சை இன்னொரு முறை இறுக்கிக்கொண்டுதான் வெளியே போனாள்.

 பியேரோ செதுக்காத தேவதைகளா? ஒரு தேவதைக்கு முன்னாலும் யாரும் இப்படி நடுங்கி அவர் பார்த்ததில்லை. கடுகளவு முடிச்சு. ஒரு மத்தியானத்தில் வெட்டி முடித்தது. அதற்குள் கடலில் போன ஒருவனின் உயிர் இருந்திருக்கிறது.  அவருக்கு அந்தத் தாளைத் தொடவே பயமாக இருந்தது.

ஆனாலும் மனுஷர்தானே.

"புதுசா செதுக்கினா மூணு மாசம் ஆகும். அதுக்குள்ள புத்தகம் வந்துடும், என் பேர் இருக்காது" என்றார் மெல்ல. "வாங்குறவங்களுக்கு வலதா இடதான்னு தெரியவா போகுது, அம்மா?"

ஸனேட்டா அலமாரியிலிருந்து புதிய தகடு ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"பேரை அப்புறம் பார்த்துக்கலாம், பியேரோ. முதல்ல அவ புருஷனைக் கரை சேர்த்துடுங்க."