கழுதை எங்கே போச்சு?

ஞானப்பிரகாசம் மாடிப்படி ஏறி வந்த வேகத்திலேயே தெரிந்துவிட்டது, மனுஷன் இன்றைக்கு யாரையோ ஒரு வழி பண்ணப்போகிறார் என்று.

“கழுதை இனிமே வராதாம், மாஸ்டர்!”

செலின் மாஸ்டர் கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்துக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

“யார் சொன்னா?”

“கடைக்காரன் சொல்றான். பல்லைக் காட்டிக்கிட்டே சொல்றான்!”

புதிதாகக் கேட்பவர்களுக்கு இது கிறுக்குத்தனமாகத்தான் இருக்கும். விவரம் இதுதான். புதுச்சேரியில், கடற்கரைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மாடியில், சனிக்கிழமை சாயங்காலம் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். விஸ்கியை மோந்து பார்த்து, ஒரு வாய் குடித்து, அந்த ஒரு வாயைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். வீட்டுக்கார அம்மா செலின். வெளிநாட்டில் ஒரு விஸ்கி ஆலையில் மாஸ்டர் பிளெண்டராக, அதாவது எந்தப் பீப்பாயோடு எந்தப் பீப்பாயைக் கலப்பது என்று மூக்காலேயே முடிவு செய்கிற ஆளாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். ஊரில் டீ மாஸ்டர் உண்டு, டான்ஸ் மாஸ்டர் உண்டு, இவர் விஸ்கி மாஸ்டர். வருகிறவர்களில் பாதிப்பேருக்குத் தங்கச்சி வயசுதான். ஆனாலும் அவர் வாயைத் திறந்தால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

ஞானப்பிரகாசம் அவருக்குத் தலைமைச் சீடர். கப்பலில் இன்ஜினியராக உலகம் சுற்றி ஓய்வு பெற்றவர். பேரிலேயே ஞானம் இருந்ததால் தனியாகத் தேட வேண்டியதில்லை என்று நண்பர்கள் கிண்டல் செய்வதுண்டு.

கழுதை என்பது ஒரு ரை விஸ்கி. பர்பன், ரை ரெண்டுமே அமெரிக்கச் சரக்கு. பர்பன் மக்காச்சோளத்தில் வடிப்பது, கொஞ்சம் இனிக்கும். ரை குளிர்தேசத்துத் தானியத்தில் வடிப்பது, நாக்கில் மிளகு வைத்த மாதிரி சுருக்கென்று இருக்கும். இந்த ரைக்கு வாயில் நுழையாத ஒரு பேர். லேபிளில் மூட்டை சுமக்கிற கழுதைப் படம். அதனால் கழுதை.

“ரை வராதாம். பர்பன் வருமாம், அதுவும் சும்மா தரமாட்டானாம். கூட ரெண்டு பாட்டில் ஓட்காவைக் கட்டி அழணுமாம்! ‘சார், அதுக்குப் பதிலா தேன் போட்ட பர்பன் புதுசா வந்திருக்கு, டிரை பண்ணுங்க’ன்னு ஒண்ணை நீட்டறான். தேன் போட்ட பர்பன்! இருமலா வந்திருக்கு எனக்கு?”

“அநியாயம்தான்,” என்றார் பல் டாக்டர் செழியன். மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள். கம்பெனிக்காரனைத் திட்டினார்கள், இறக்குமதி பண்ணுகிறவனைத் திட்டினார்கள், சரக்கு பீப்பாயில் ஊறுகிற வயசைக் குறைத்துப் புது லேபிள் ஒட்டி அதே விலைக்கு விற்கிறவனைத் திட்டினார்கள். எல்லாம் நியாயமான திட்டுதான். இத்தனை வருஷம் விசுவாசமாகக் குடித்தவனுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் கையை விரித்தால் வயிறு எரியாதா?

ஆனால் ஞானப்பிரகாசம் கொண்டுவந்த கோபம் அதுவல்ல. அதை அப்போதுதான் எடுத்தார்.

“கடையில கடைசியா ஒரு பெட்டி இருந்திருக்கு, மாஸ்டர். போன மாசமே பெட்டியோட தூக்கிக்கிட்டுப் போயிட்டான் ஒருத்தன். யார் தெரியுமா? பக்கிரி! நம்ம பக்கிரி!”

எல்லாரும் காலி நாற்காலியைப் பார்த்தார்கள். பக்கிரிசாமி டயர் கடைக்காரர். எப்போதும் கடை சாத்திவிட்டுத் தாமதமாகத்தான் வருவார். ஞானப்பிரகாசத்தோடு ஒரே பெஞ்சில் படித்தவர். இந்த மாடிக்கு அவரைக் கூட்டிவந்ததே பக்கிரிதான். கழுதையை முதன்முதலாக அவர் கையில் கொடுத்து, “குடிச்சுப் பாருடா, கப்பலே ஆடும்,” என்றதும் பக்கிரிதான்.

“ஒரு போன் பண்ணி, மச்சான், கடைசிப் பெட்டி, ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கலாம்னு சொன்னானா? கமுக்கமா அமுக்கிட்டான். கொடுத்து வச்சவன்யா! நாம எல்லாம் தேன் பர்பனை நக்கணும், அவன் வீட்ல கழுதை மேயணும்!”

“இது சரியில்லை,” என்றார் செழியன்.

“சரியில்லையா? துரோகம்! அவன் இந்த மேசையில உட்காரக் கூடாது. இன்னையோட தலைமுழுகிடணும். அவன் உட்கார்ந்தா நான் உட்காரமாட்டேன். நீங்களே சொல்லுங்க மாஸ்டர். இத்தனை பேர் தேடறோம். கழுதை எங்க போச்சு?”

மாஸ்டர் துடைக்கிற துணியை மடித்து வைத்தார்.

“அடுத்த சனிக்கிழமை சொல்றேன்,” என்றார். “வரும்போது ஆளுக்கு ஒரு கழுதை பாட்டில் கொண்டாங்க.”

எல்லார் முகமும் ஒரு மாதிரி ஆனது.

“காலி பாட்டில்தான்,” என்றார் மாஸ்டர். “பக்கிரி சாரை வெளியே அனுப்பறதுன்னா கை தூக்கித்தான் அனுப்பணும். காலி பாட்டில் வச்சிருக்கிறவங்க கை தூக்கலாம்.”

இது என்ன விளையாட்டு என்று ஞானப்பிரகாசத்துக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் மாஸ்டர் சொன்னால் ஏதாவது இருக்கும். காலி பாட்டில்தானே, கொண்டுவந்தால் போச்சு. பக்கிரி அன்றைக்கு வரவே இல்லை.

சனிக்கிழமை காலையில் தேடினார். சமையலறையில் பார்த்தார், மாடிப்படிக்குக் கீழே பார்த்தார். ஒன்றுகூட இல்லை. கழுதையைக் கண்டால் விடாமல் வாங்குகிற மனுஷன் வீட்டில் ஒரு காலி பாட்டில் இல்லையா? உட்கார்ந்து யோசித்தபோதுதான் அவருக்கே உறைத்தது. வாங்கினதெல்லாம் பீரோவில் இருந்தது. நல்ல நாளாகப் பார்த்து உடைக்கலாம் என்று வைத்தது. எந்த நாள் வந்தாலும் அது அவ்வளவு நல்ல நாளாக இல்லை.

“உங்களுக்குக் கோடிப் புண்ணியம், அந்த பீரோவை இன்னைக்காவது என்னன்னு பாருங்க,” என்றாள் அவர் மனைவி அற்புதம். “மாசக்கணக்கா சொல்றேன். என் கல்யாணப் பட்டுல சாராயக்கடை வாடை அடிக்குது!”

“அந்துருண்டை வாடை அது.”

“அந்துருண்டைக்கும் சாராயத்துக்கும் வித்தியாசம் தெரியாமலா உங்ககூட இத்தனை வருஷம் குடித்தனம் பண்றேன்? மூக்கை வச்சு ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறீங்க, வீட்டு பீரோ மோப்பம் தெரியலை!”

பீரோவைத் திறந்தார். அடித்தட்டில் புடவைகளுக்குப் பின்னால், பழைய வேட்டியில் சுற்றி, கழுதைகள் வரிசையாகப் படுத்திருந்தன.

படுத்திருந்தன. விஸ்கி நிற்க வேண்டும், வைன்தான் படுக்கும் என்பது மாஸ்டர் நடத்திய முதல் பாடம். படுத்தால் சரக்கு தக்கையைத் தின்றுவிடும். அதைப் புதிதாக வருகிறவர்களுக்கு விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொடுப்பதே ஞானப்பிரகாசம்தான். ஆனால் நிற்க வைத்தால் பீரோ கதவைத் திறக்கும்போது தெரியும். யாராவது பார்ப்பார்கள். பார்த்தால், “ஒண்ணு உடைக்கலாமே,” என்பார்கள்.

ஓரத்தில் இருந்த பாட்டிலை எடுத்தார். பஞ்சு மாதிரி வந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உள்ளே ஒரு சொட்டு இல்லை. அந்தப் பக்கம் தட்டு உளுத்துச் சரிந்திருந்தது. பாட்டில் கழுத்து கீழே பார்த்துக் கிடந்திருக்கிறது. தக்கை மக்கி, மேலே சுற்றிய சீலுக்கு அடியிலேயே சொட்டுச் சொட்டாக இறங்கி, வேட்டி நனைந்து, பக்கத்தில் மடித்து வைத்த கல்யாணப் பட்டில் போய்ச் சேர்ந்திருந்தது. அரக்குச் சிவப்புப் பட்டில் ஒரு பெரிய காப்பி நிறக் கறை.

“ஐயோ! ஐயையோ!” அற்புதம் புடவையைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். “எங்கப்பா காஞ்சிபுரம் போய் எடுத்தது! இது உருப்படுமா? நீங்க உருப்படுவீங்களா?”

ஞானப்பிரகாசத்துக்கு அழுகை முட்டியது. புடவைக்காக என்று சொல்ல முடியாது. அத்தனை வருஷப் பழசு, உலகத்தில் இனி எங்கேயும் கிடைக்காத சரக்கு, ஒரு வாய்கூடக் குடிக்காமல் போய்விட்டது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் வேறொன்று தோன்றியது. இது காலி பாட்டில். இருக்கிற ஒரே காலி பாட்டில்.

பாட்டில் சீலைக் கிழித்து, தக்கையைப் பிடுங்கி எறிந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? நகத்தைக் கொண்டுபோய் வைத்தார். கிழிக்க முடியவில்லை. சீல் உடையாத கழுதையின் சீலைக் கிழிக்க அந்தக் கை பழகவே இல்லை. உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்தும் மனசு வரவில்லை. கடைசியில் கழுத்தில் கைக்குட்டையைச் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மாடியில் அன்றைக்கு எல்லாரும் நேரத்துக்கு வந்திருந்தார்கள். அவரைத் தவிர எல்லாரும் வெறுங்கையோடு வந்திருந்தார்கள்.

“வேலைக்காரம்மா பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுட்டாங்க,” என்றார் செழியன்.

“எங்க வீட்லயும் அதே கதைதான்,” என்றார் இன்னொருவர்.

“அப்ப வீட்ல முழுசா இருக்கறது?” என்று கேட்டார் மாஸ்டர். எல்லாரும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

கீழே கலகலவென்று கண்ணாடிச் சத்தம் கேட்டது. பக்கிரிசாமி தோளில் சாக்கோடு மேலே வந்தார். மேசைமேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். எல்லாம் கழுதை. எல்லாம் காலி. ஒன்றில் விளக்கெண்ணெய் ஊற்றிவைத்த பிசுக்கு இருந்தது. ஒன்றில் மணி பிளான்ட், வேர் உள்ளேயே சுற்றிக் கிடந்தது.

“மாஸ்டர் போன்ல சொன்னாங்க, காலி பாட்டில் வேணும்னு. இது போதுமா?” என்றவர் முகங்களைப் பார்த்து நின்றார். “என்னடா, எழவு வீடு மாதிரி இருக்கீங்க?”

“கடைசிப் பெட்டியைத் தூக்கினது நீதானே?” என்றார் ஞானப்பிரகாசம்.

“ஆமா, நான்தான். அதுக்கென்ன?”

“எங்க அது?”

“இதோ இருக்கே!” பக்கிரி மேசையைக் காட்டினார். “மச்சான் வந்தான், ஒண்ணு போச்சு. கடைப் பசங்களுக்கு ஆயுத பூஜைக்கு ஒண்ணு. உனக்குன்னு ஒண்ணு எடுத்துக்கிட்டு ரெண்டு தடவை உன் வீட்டுக்கு வந்தேன். பொண்ணு வீட்டுக்கு பெங்களூர் போயிருக்கேன்னாங்க. திரும்பி வர்ற வழியில உங்க அண்ணன் மகன் நின்னான். பாவம், வேலை போயிடுச்சுன்னான். அவனும் நானும் உட்கார்ந்து குடிச்சோம். ஏன்டா, அதுக்கா இந்த மூஞ்சி?”

“எங்களுக்கு இல்லாம பெட்டியோட தூக்கினே இல்ல?”

“கடையில இருந்தது, வாங்கினேன்! உன்னைக் கேட்டுத்தான் தாகம் எடுக்கணுமா? திருடனைக் கேக்கற மாதிரி கேக்கறே!” பக்கிரிக்கும் ஏறிவிட்டது. “வெளியே போன்னா போறேன். அதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லு!”

பீரோ, புடவை, தேன் பர்பன், எல்லாக் கோபமும் ஒன்றாகச் சேர்ந்து ஞானப்பிரகாசத்தைக் கை தூக்க வைத்தது.

“பார்த்துத்தான் சொல்றேன். போ!”

“பாட்டில் இருக்கா, சார்?” என்றார் மாஸ்டர்.

“இருக்கு.” மேசைமேல் வைத்தார். கழுத்தைக் கைக்குட்டையோடு பிடித்தபடியே வைத்தார்.

மாஸ்டர் கையை நீட்டினார். தலைமைச் சீடர், மாட்டேன் என்று சொல்ல முடியுமா? கொடுத்தார். கைக்குட்டை நழுவி விழுந்தது. மாஸ்டர் பாட்டிலை விளக்குக்கு நேராகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லேபிள் புதுசாக இருந்தது. கழுதை மூட்டையோடு நின்றது.

“சீல் உடையலையே.”

ஞானப்பிரகாசம் தூக்கிய கை இன்னும் மேலேயே இருந்தது.

“இதை யார் குடிச்சது, சார்?”

பொய் சொல்ல நினைத்தார். வாய் வரைக்கும் வந்தது. பக்கிரி எட்டி நின்று, கோபத்தையும் மறந்து, அந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“புடவை,” என்றார் ஞானப்பிரகாசம்.

“என்னது?”

“என் சம்சாரத்தோட கல்யாணப் புடவை, மாஸ்டர். பீரோவில படுக்க வச்சிருந்தேன். அதுதான் குடிச்சிருக்கு. பூராவும்.”

யாரும் சிரிக்கவில்லை. செழியன் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். தூக்கிய கை எப்போது இறங்கியது என்று ஞானப்பிரகாசத்துக்கே தெரியவில்லை. பக்கிரி நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மாஸ்டர் அந்த பாட்டிலை, மணி பிளான்ட் இருந்த பாட்டிலுக்குப் பக்கத்தில், நேராக நிற்க வைத்தார்.

“கொடுத்து வச்ச புடவை,” என்றார்.