தூங்கிய மரத்துக்குக் கருமாதி

அந்தக் காலத்தில் தென்துருவத்தில் பனி இல்லை, காடுதான் இருந்தது. மரமும் பூஞ்சையும் வாய் ஓயாமல் பேசின. வெளிச்சம் வந்தால் மாதக்கணக்கில் வெளிச்சம், இருட்டினால் மாதக்கணக்கில் இருட்டு.

அங்கே வெண்ணூலி என்ற பூஞ்சை, இப்படி நீள இருட்டே இல்லாத வடக்கேயிருந்து புதிதாகக் குடிவந்தான். நாக்கிலையார் என்ற பெரிய மரம் தன் காலடியில் இடம் கொடுத்தார். தெரியாத ஊரில் வெண்ணூலிக்கு வேறு நாதி இல்லை. "அண்ணே, அண்ணே" என்று அவரையே சுற்றிக் கிடந்தான். பூஞ்சைகளுக்கு ஒரு குல வழக்கம் உண்டு. உயிரோடிருப்பதைத் தொட மாட்டார்கள். செத்ததைச் சொந்தபந்தத்தோடு கூடி மிச்சமில்லாமல் தின்பார்கள். அதுதான் அவர்கள் செய்யும் கடைசி மரியாதை.

அந்த வருடம் சூரியன் இறங்கியதும் நாக்கிலையார் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினார்.

"அண்ணே! ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே!"

பேச்சுமூச்சில்லை. வெண்ணூலி அழுதான். நிஜமாகவே அழுதான். அழுது முடித்ததும் பசித்தது, பசித்ததும் மரியாதை நினைவுக்கு வந்தது. நுண்ணுயிர்க் கூட்டத்தின் தலைவி பொடிச்சிக்குச் சொல்லி அனுப்பினான். அவள் லட்சம் பேரோடு வந்து இறங்கினாள்.

"நல்ல ஆத்மா, மாமா," என்றாள், வாய் நிறைய வேரோடு. "கசப்பே இல்ல."

பந்தி வேரில் தொடங்கி நடுத்தண்டுவரை ஏறிவிட்டது. அப்போது சூரியன் எட்டிப் பார்த்தது. நாக்கிலையார் கொட்டாவி விட்டார்.

"டேய் வெண்ணூலி, என் வயித்துக்குள்ள யாருடா?"

வெண்ணூலி வாயிலிருந்ததைத் துப்பினான். "அண்ணே... நீங்க சாகலையா?"

"தூங்கினேன்டா! இருட்டுல வேற என்ன பண்றதாம்? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேண்ணே. நீங்கதான் பதில் சொல்லல."

முதல் துளிர் அன்றைக்கே வாடியது. தண்ணீர் உறிஞ்ச வேர் இல்லை. இப்படியே விட்டால் அண்ணன் நிஜமாகவே போய்விடுவார், அதுவும் தம்பி வாயாலேயே.

"எல்லாரும் எழுந்திரிங்க!" என்று வெண்ணூலி கத்தினான்.

"பாதிச் சாப்பாட்டுல எழுப்பாதீங்க, மாமா," என்றாள் பொடிச்சி. அவள் கடைசிவரை எழுந்திருக்கவே இல்லை. பின்னொரு யுகத்தில் நாக்கிலையார் சாய்ந்து கல்லானபோது, அவள் கூட்டமும் தின்ற வாயோடு உள்ளே கல்லானது.

வெண்ணூலி அவளோடு மல்லுக்கு நிற்கவில்லை. தன் உடம்பையே நூல்நூலாகப் பிரித்து மண்ணுக்குள் ஓடவிட்டான். ஒரு முனையை அறுந்த வேரில் கட்டினான். எங்கெங்கோ கிடந்த ஈரத்தை இழுத்து அண்ணனுக்கு ஊட்டினான். மூன்றாம் நாள் துளிர் நிமிர்ந்தது. நாக்கிலையார் இலையில் காய்ச்சிய இனிப்பில் ஒரு சொட்டைக் கீழே இறக்கினார்.

"இனிமே என்னைத் தின்னாதே. நான் குடுக்கிறதைத் தின்னு."

வெட்கமும் அழுகையும் ஒன்றாக வந்தன வெண்ணூலிக்கு. "சரிண்ணே. ஆனா நீங்களும் சொல்லாம கொள்ளாம தூங்காதீங்க."

அன்று முதல்தான் மரங்கள் தூங்கப் போகுமுன் இலைகளை மஞ்சளாக்கிக் கீழே தகவல் அனுப்புகின்றன. பூஞ்சையோ அதையும் நம்பாமல், வேரைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டே இருக்கிறது.