எந்தப் பக்கம் சுற்றும்?

நிறைமதி பதினொன்றாம் வகுப்பில் தொழிற்பிரிவு மாணவி. வாரத்தில் மூன்று நாள் பள்ளிக்கூடம், மூன்று நாள் பல்லடம் சாலையில் அமுதவல்லியின் மோட்டார் பட்டறை. எரிந்துபோன தண்ணீர் மோட்டார்களுக்குப் புதிதாகக் கம்பி சுற்றக் கற்றுக்கொண்டிருந்தாள். அமுதவல்லிக்கு வயது முப்பத்திரண்டுதான். ஆனால் பேச்சு மட்டும் அளந்துதான் வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை நிறைமதி கையில் ஒரு படிவத்தோடு வந்து நின்றாள். தொழிற்பிரிவிலேயே இருப்பதா, வணிகவியலுக்கு மாறுவதா? திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாக வேண்டும். யோசித்து யோசித்துப் பெண்ணுக்கு மண்டை காய்ந்துபோயிருந்தது.

"அம்மா வணிகவியல்ங்கறாங்க. சார் தொழில விட்டுறாதேங்கறாரு. பக்கத்து வீட்டுக்காரங்க பொம்பளப் புள்ளைக்கு ஸ்பேனர் எதுக்குங்கறாங்க. அப்பா உன் இஷ்டம்ங்கறாரு, அதுதானுங்க இன்னும் பயமா இருக்குது. தப்பான பக்கம் போயிட்டா வாழ்க்கையே போச்சாமா. எந்தப் பக்கம்னு நீங்களாச்சும் சொல்லுங்க்கா."

"வண்டியில ஏறு. சென்னியப்பன் தோட்டத்துக்குப் போலாம்."

அங்கே ஆழ்துளைக் கிணற்றில் முந்தின நாள்தான் மோட்டாரை இறக்கியிருந்தார்கள். நிறைமதி தனியாகச் சுற்றிய முதல் மோட்டார் அது. ஒன்பது நாள், ஒவ்வொரு சுற்றாகக் கையால் கம்பியை இழுத்து இழுத்து விரல் நுனியெல்லாம் கன்றிப்போயிருந்தது.

மேலே இருந்த சுவிட்சுப் பெட்டியில், மோட்டாரிலிருந்து வந்த மூன்று ஒயரையும் அவளே மாட்டினாள். பச்சைப் பொத்தானை அழுத்தினாள். இருநூறு அடிக்குக் கீழே மோட்டார் உறுமியது. குழாயிலிருந்து தண்ணீர் தொட்டியில் விழுந்தது. நிறைமதி கைதட்டிக் குதித்தாள்.

தோட்டக்காரர் சென்னியப்பன் மட்டும் சிரிக்கவில்லை.

"தண்ணி வருதுங்க. ஆனா வேகமில்லீங்களே. முன்னெல்லாம் எதிர்ச்சுவத்துல போய் அடிக்கும்."

குழாயில் வராத வேகத்தில் நிறைமதிக்குக் கண்ணில் நீர் வந்தது.

"நான் சுத்துனது தப்புங்க்கா. மேல தூக்கி, எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுரலாம்."

"மெயின அமத்து."

அணைத்தாள்.

"மூணு ஒயருல ரெண்ட மாத்திப் போடு."

"எந்த ரெண்டுங்க்கா?"

"ஏதாச்சும் ரெண்டு."

எந்தப் பரீட்சையிலும் அவள் இப்படியொரு விடையைப் பார்த்ததில்லை. அக்கா விளையாடுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தாள். விளையாடுகிற முகமாகத் தெரியவில்லை. குத்துமதிப்பாக இரண்டைக் கழற்றி இடம் மாற்றி மாட்டினாள். பொத்தானை அழுத்தினாள்.

தண்ணீர் எதிர்ச்சுவரில் போய் அறைந்தது. சென்னியப்பனின் வேட்டி முழங்கால் வரை நனைந்தது. "இது தண்ணி!" என்றார் அவர்.

நிறைமதிக்கு ஒன்றும் புரியவில்லை.

"இதென்னங்க்கா?"

"இத்தன நேரம் எதிர்ப்பக்கமாச் சுத்துச்சு. இப்ப நேராச் சுத்துது."

"எதிர்ப்பக்கமாச் சுத்துனாலும் தண்ணி வருமுங்களா?"

"வரும். பாதி வரும்."

"அப்ப நான் சுத்துன கம்பி?"

"அதுக்கென்ன? அப்படியேதான் இருக்குது."

திரும்பி வந்து பட்டறை வாசலில் வண்டி நின்றதும் நிறைமதி படிவத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சந்தோஷமாக இருந்தது. குழப்பமோ காலையில் இருந்ததைவிடக் கூடியிருந்தது.

"நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலீங்களே."

அமுதவல்லி வண்டியை அணைத்தாள்.

"சரி, இதயாச்சும் சொல்லுங்க்கா. அது எதிர்ப்பக்கந்தான் சுத்தும்னு உங்களுக்கு மொதல்லயே தெரியுமா?"

"தெரியாது."

"பதினஞ்சு வருசமா இதே வேலையா இருக்கறீங்க. உங்களுக்கே தெரியாதுங்களா?"

"குழிக்குள்ள இருக்கறது எந்தப் பக்கம் சுத்தும்னு மேல நின்னுட்டு யாரு சொல்றது?"

"அப்பறம் எப்படித்தானுங்க பண்ணுவீங்க?"

அமுதவல்லி சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துப் படிவத்தின்மேல் வைத்தாள்.

"சுவிட்சப் போட்டுட்டு, தண்ணியப் பாப்பேன்."