காலடியில் வைத்த விளக்கு

வெகு காலத்துக்கு முன்னே, மருதங்காட்டுச் சீமையைக் கீர்த்திமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், கோபம் வந்துவிட்டால் மட்டும் அவனுக்கு முன்பின் தெரியாது.

அவனைக் கருங்கல்லில் செதுக்கி முடித்திருந்தார் மயிலேறி ஆசாரி. திரை விலக்கும் நாளில் அவர் மனைவி வடிவு கைக்குழந்தையோடு தூணோரம் நின்றாள். ஜன்னலே இல்லாத மண்டபம், பட்டப்பகலிலும் இருட்டு. அலங்கார அதிகாரி நாகலிங்கம் சிலையின் காலடியில் வரிசையாக விளக்கேற்றி வைத்திருந்தார். தன் மைத்துனனுக்குக் கிடைக்காமல் போன சிலைவேலையாயிற்றே என்ற எரிச்சல் அவருக்கு.

திரை விலகியது. வடிவு வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணுக்கடியில் வெள்ளை வெளேர். புருவத்துக்கு மேலே கொம்பு மாதிரி இரண்டு நிழல். நின்றது ராஜா இல்லை, பேய்!

"பேஷ்! இனி எந்த எதிரியும் நம் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டான்!" என்றார் நாகலிங்கம்.

"செதுக்கிய கையை வெட்டுங்கள்!" என்று கத்தினான் ராஜா.

ஆசாரி மரம்போல நின்றார். வடிவு ஓடிவந்து அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ சாமி! பட்டறையில இது சிரிச்ச முகமுங்க! கஞ்சி கொண்டுபோறப்பல்லாம் பார்த்திருக்கேன்!"

மந்திரி சோமையா திரும்பினார். "பட்டறையில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்தம்மா வரும்?"

"கூரையிலேருந்துங்க. இடதுபக்கம் ரெண்டு கீத்தைப் பிரிச்சுவிட்டிருப்பாரு."

மந்திரி ராஜாவிடம் போனார். "மகாராஜா, தண்டனையைச் சிலைக்குப் பக்கத்தில் நின்று சொல்லுங்கள். சபை ஒப்பிட்டுப் பார்க்கட்டும்."

ராஜா விளக்குகளுக்குப் பின்னால் விறைப்பாக நின்றான். மந்திரி கைகாட்ட, இரண்டு வயது இளவரசி ஓடிவந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். வீலென்று அலறி, அருகிலிருந்த வடிவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்தாள்.

"கண்ணு, நான்தான் அப்பா!" ராஜா குனிந்தான். குழந்தை இன்னும் அலறியது.

கண்ணாடி கொண்டுவரச் சொல்லிப் பார்த்தவன், இரண்டடி பின்வாங்கினான்.

மந்திரி ஒரு விளக்கை இடதுபக்கம் உயரத் தூக்கிப் பிடித்து, மற்றவற்றை அணைக்கச் சொன்னார். "அப்பா!" என்று ஓடியது குழந்தை. ராஜாவுக்குப் பக்கத்தில் கல்லும் சிரித்தது.

"படத்தில் நிழலை ஓவியன் தீட்டிவிடுவான், மகாராஜா. சிலையில் மேடும் பள்ளமும்தான் உளியின் வேலை. நிழலை வெளிச்சம் வந்து போடவேண்டும்."

"அப்படியானால் அந்தப் பேய்முகம்?"

"அதுவும் உங்களுடையதுதான். விளக்கை யாரிடம் கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள்."

சபை திகைத்தது. ராஜா காலடி விளக்குகளைப் பார்த்தான். பிறகு, "நாகலிங்கம், இனி சிலை பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் நீரே விளக்கைத் தூக்கிப் பிடித்துச் சுற்றிக் காட்டும்" என்றான். தன் முத்துமாலையைக் கழற்றி ஆசாரியிடம் நீட்டினான்.

ஆசாரி இடதுகையை நீட்டினார்.

"ராஜா கொடுப்பதை இடதுகையாலா வாங்குவது?" என்று சீறினார் நாகலிங்கம்.

ஆசாரி கூசிப்போனார். "வலதுகையை இவ விடமாட்டேங்கிறா, சாமி."