மேலவையில் மௌனசாமி

எந்த மாநிலம் என்று கேட்காதீர்கள். சொன்னால் எனக்கும் வம்பு, கேட்ட உங்களுக்கும் வம்பு. அங்கே அருமைநாயகம் என்று ஒரு முதலமைச்சர் இருந்தார். வயது அறுபத்தெட்டு. அவருடைய குரு கூடலிங்க சாமி அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் குரு குருதான் என்று, மடத்துக்குப் போனால் அருமைநாயகம் தரையில்தான் உட்காருவார். வேறு எங்கும் அவர் தரையில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

ஒரு நாள் காலையில் முகம் தொங்கிப்போய் வந்து உட்கார்ந்தார்.

விஷயம் இதுதான். மேலவை உறுப்பினர் ஒருவர் இறந்துபோனார். அந்த இடத்துக்குத் தேர்தல் கிடையாது, முதலமைச்சர் யார் பெயரை எழுதுகிறாரோ அவருக்குத்தான். அடுத்துக் காலியாகும் இடம் மாப்பிள்ளைக்கு என்று நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றும்போதே அருமைநாயகம் வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் சட்டப்படி முப்பது வயது முடிந்திருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு இன்னும் எட்டு மாதம் பாக்கி. போனவர் கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாம் என்று இரங்கல் கூட்டத்திலேயே அவருக்குத் தோன்றியது.

இடத்தைக் காலியாக விட்டால் கட்சிக்குள் அடிதடி நடக்கும். மாப்பிள்ளைக்குக் கிடைக்காவிட்டால் இனி உங்கள் வாசல்படி மிதிக்க மாட்டேன் என்று மகள் சொல்லிவிட்டாள். ஒரே மகள். ஆகவே எட்டு மாதம் உட்கார்ந்திருந்துவிட்டு, சொன்னதும் எழுந்துகொள்கிற ஆள் ஒருவர் வேண்டும்.

பதினோரு பெயர் கொண்ட பட்டியலை மடியிலிருந்து எடுத்து சாமியிடம் வாசித்துக் காட்டினார். வடக்கு மாவட்டத்துக்காரருக்குக் கொடுத்தால் தெற்கு முறுக்கிக்கொள்ளும். தெற்குக்குக் கொடுத்தால் வடக்கில் பாதிப் பேர் எதிர்க்கட்சி வாசலில் நிற்பார்கள். மகளிர் அணித் தலைவிக்குக் கொடுத்தால் அவர் கணவர் அமைச்சர் பதவி கேட்பார். ஓய்வுபெற்ற நீதிபதிக்குக் கொடுக்கலாம், ஆனால் அவர் சட்டம் தெரிந்தவர். இப்படியே ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டு வந்தார். கடைசியில் தாளில் கோடுகள்தான் மிஞ்சின.

"நாற்காலியில உட்கார்ந்தவன் தானா எழுந்ததா சரித்திரமே இல்ல சாமி. நானே எழுந்ததில்ல" என்றார்.

அந்த நேரம் பார்த்து மௌனசாமி மோர் கொண்டுவந்து வைத்தார். மடத்தில் இருபத்திரண்டு வருடமாக இருப்பவர். பேசுவதில்லை என்று விரதம். ஏதாவது சொல்ல வேண்டுமானால் சிலேட்டில் எழுதிக் காட்டுவார்.

அருமைநாயகம் மோரைக் குடிக்காமல் அவரையே பார்த்தார். சாதி இல்லை, துறந்தாயிற்று. குடும்பம் இல்லை, ஆகவே மகனுக்கும் மச்சானுக்கும் கேட்க மாட்டார். வாயைத் திறக்க மாட்டார். மடத்து ஆளுக்குக் கொடுத்தால் வடக்கும் தெற்கும் சேர்ந்து கும்பிடும். எல்லாவற்றுக்கும் மேலே, ஆசையே இல்லாத மனிதர், போகச் சொன்னால் போய்விடுவார். அருமைநாயகத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

"நல்லா யோசிச்சுட்டீங்களா?" என்று சாமி கேட்டார்.

"இதுக்கு மேல யோசிக்க மூளை இல்ல சாமி."

மேலவைக்கு வரும்படி அருமைநாயகம் கேட்க, மௌனசாமி கண்ணை மூடித் திறந்தார். பிறகு சிலேட்டில் 'சரி' என்று எழுதினார்.

பதவிப் பிரமாணத்தை அதிகாரி வாசிக்க, அவர் தலையசைத்துக் கையெழுத்துப் போட்டார். முதல் இரண்டு மாதம் எல்லாம் சுகம். அதற்குப் பிறகுதான் ஜனங்களுக்கு ஒரு விஷயம் தெரிந்தது. இவர் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்கிறார். அப்படி ஓர் உறுப்பினரை அவர்கள் ஆயுசில் கண்டதில்லை. மடத்து வாசலில் வரிசை நின்றது.

அந்த வரிசையில் நெடுங்கரைக்காரர்களும் வந்தார்கள். பள்ளிக்கூடம் அக்கரையில், பிள்ளைகள் இக்கரையில், நடுவில் பரிசல். பாலம் கட்ட மூன்று தடவை அடிக்கல் நாட்டியாயிற்று. மூன்றிலும் அருமைநாயகத்தின் பெயர். மூன்று கல்லையும் தண்ணீரில் போட்டிருந்தாலாவது பாதி ஆறு நடந்திருக்கலாம் என்று ஒரு கிழவர் சொன்னார். மௌனசாமி போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

மறுநாள் மேலவையில் எழுந்து நின்று சிலேட்டைத் தூக்கிப் பிடித்தார். 'நெடுங்கரைப் பாலம் எப்போது?'

அதன்பின் கூட்டம் நடந்த ஒவ்வொரு நாளும் அதே சிலேட்டு, அதே கேள்வி. அவைத் தலைவருக்குக் கை கால் ஓடவில்லை. பேசாதே என்று ஒரு பேசாதவரிடம் எப்படிச் சொல்வது? பேசினால் அவைக் குறிப்பிலிருந்து நீக்கலாம், இவர் பேசவே இல்லையே. பத்திரிகைகள் தினமும் படம் போட்டன.

எட்டு மாதம் முடிந்தது. மாப்பிள்ளை முப்பது வயதுக்குக் கேக் வெட்டினார். ராஜினாமாக் கடிதத்தைத் தட்டச்சு செய்து மௌனசாமியிடம் அனுப்பினார்கள். அவர் அதன் பின்பக்கத்தில், 'பாலம் எப்போது?' என்று எழுதித் திருப்பி அனுப்பினார்.

வாரியத் தலைவர் பதவி தருவதாகச் சொன்னார்கள். கும்பிட்டார். கார் அனுப்பினார்கள். டிரைவருக்குச் சாப்பாடு போட்டு அனுப்பிவைத்தார். மிரட்டிப் பார்க்கலாம் என்று அதிகாரிகள் அவர் அறையைச் சோதனை போட்டார்கள். பாய் ஒன்று, செம்பு ஒன்று, காவித்துணி இரண்டு. வந்தவர்கள் மோர் குடித்துவிட்டுப் போனார்கள்.

பொங்கலுக்கு மகள் வரவில்லை. அன்று மாலையே அருமைநாயகம் மடத்துக்கு வந்தார். தரையில் உட்காரவில்லை, விழுந்தார்.

"அவரை எழுந்திருக்கச் சொல்லுங்க சாமி. நீங்க சொன்னாக் கேட்பார்."

"நான் எதுக்கு? பாலத்தைக் கட்டுங்க. கட்டி முடிச்ச அன்னிக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டு மோர் கலக்க வந்துருவார்."

அருமைநாயகம் எழுந்து உட்கார்ந்தார். பிறகு மெல்லச் சொன்னார். நெடுங்கரைப் பரிசல் துறையின் குத்தகை சம்பந்தி வீட்டுக்காரர்களுடையது. மூன்று தலைமுறையாக அதுதான் அவர்கள் பிழைப்பு. பாலம் வந்தால் அது போச்சு. மாப்பிள்ளைக்கு இடம் கிடைக்க வேண்டுமானால் மாப்பிள்ளையின் அப்பா பிழைப்பில் கை வைக்க வேண்டும். அப்புறம் மகள் வாசல்படி மிதிப்பாளா?

சாமிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை.

அருமைநாயகத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஆசையே இல்லாத மனுஷன்னு நம்பித்தானே சாமி கூட்டிட்டுப் போனேன்" என்றார்.

"ஆசை இருந்திருந்தா அதைக் காட்டி நீங்களே எழுப்பியிருப்பீங்களே" என்றார் சாமி.