அரைச்சாண் ஆழத்தில் வானம்

உலக நாடுகளின் சபையில் வைக்க ஒரு வாக்குறுதி எழுதும் வேலை வைத்தியலிங்கத்தின் தலையில் விழுந்தது. வானம் சூடேறாமலிருக்க நம் நாட்டு நெல்வயல்கள் என்ன செய்யப்போகின்றன என்று சொல்ல வேண்டும். பெரிய அதிகாரி, தலை நரைத்தவர். எழுதி எழுதிக் கிழித்தார். கடைசியில் வெண்ணாற்றங்கரை மடத்துக்கு வந்து, தன் மகள் வயதேயான குரு நாச்சியாரின் முன் உட்கார்ந்தார்.

“நெல்லு வானத்தைச் சுடுதுன்னு சொல்றாங்க தாயே. கணக்கெல்லாம் கையில இருக்கு. மனசுதான் நம்ப மாட்டேங்குது.”

“வேட்டியை மடிச்சுக் கட்டுங்க.”

வயலில் தண்ணீர் தளும்பி நின்றது. கண் திறந்த கொட்டாங்குச்சி ஒன்றைக் குரு நீருக்குள் கவிழ்த்துப் பிடித்தார். அதன் கண்ணை விரலால் பொத்திக்கொண்டு காலால் சேற்றைக் கிளறினார். குபுகுபுவென்று குமிழிகள் கிளம்பி அதற்குள் போய் அடைந்தன.

“தீக்குச்சி கிழிங்க.”

விரலை எடுத்துக் கொட்டாங்குச்சியை மெல்ல அமுக்கினார். தண்ணீரின் மேல் நீலச்சுடர் ஒன்று எழுந்தது. நடுங்கியது. அணைந்தது.

வைத்தியலிங்கத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை வருஷம் தின்ற சோற்றுக்கு அடியில் இப்படியொரு நெருப்பா! கைகள் தாமாகக் குவிந்தன.

“எப்பவும் தண்ணி நின்னா மண்ணுக்கு மூச்சு முட்டும். அந்த மூச்சுதான் இது.”

“அப்ப காய்ச்சலும் பாய்ச்சலுமா, வயலைக் காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணி விட்டாப் போதுமே! நாடு முழுக்கன்னு எழுதிடுறேன்.”

“முதல்ல இந்த வயல். மடத்துக்கு வருஷச் சோறு இதுதான். இனிமே மடை உங்க பொறுப்பு.”

வைத்தியலிங்கமே மடையை அடைத்தார். மண்ணுக்குள் நிற்கும் நீரைப் பார்க்க, துளையிட்ட மூங்கில் குழாய் ஒன்றை வயல் நடுவே நட்டார். அதற்குள் தண்ணீர் கண்ணில் படுகிறவரை பயிருக்கு ஒன்றும் ஆகாது. அவருக்கு அது மனப்பாடம்.

நீர் வற்றியது. சேறு இறுகியது. ஒரு காலையில் மயிரிழைபோல வெடிப்பு விட்டது.

பக்கத்து வயல் சிங்காரு வரப்பில் நின்று சிரித்தார். “என்ன சார், மடத்துல பயிருக்கும் விரதமா?”

வைத்தியலிங்கமும் சிரித்துவைத்தார். ஆனால் கண் அந்த வெடிப்பை விட்டு நகரவில்லை. போகப் போக அது அகலமாவது போலவே இருந்தது. உச்சி வெயிலில் மண்வெட்டியோடு ஓடி மடையை வெட்டிவிட்டார். தண்ணீர் சீறிப் பாய்ந்தது.

குரு வரப்பில்தான் நின்றிருந்தார். தடுக்கவில்லை.

“தண்ணி எட்டுறதுக்குள்ள குழாயைப் பாருங்க.”

வைத்தியலிங்கம் மண்டியிட்டு எட்டிப் பார்த்தார். அரைச்சாண் ஆழத்தில் நீர் பளபளத்தது. அவர் முகத்தின் ஓரமாக அதில் ஒரு துண்டு வானம். வெடித்த மண்ணுக்கு அடியில் வயல் முழுக்க வேர்கள் சத்தமில்லாமல் குடித்துக்கொண்டிருந்தன.

“தெரியாம வெட்டிட்டேன் தாயே.”

“தெரியாமலா? குழாயை நட்டதே நீங்கதானே.”

வைத்தியலிங்கம் முழங்கால் சேற்றோடு எழுந்தார்.

“அப்ப இந்த வாக்கை நாடு கொடுக்கக் கூடாதா?”

குரு மண்வெட்டியை வாங்கி மடையை அடைத்தார்.

“கொடுக்கணும். பயிர் போனா மடம் பட்டினின்னுதானே வெட்டுனீங்க? ஒவ்வொரு வயல்லயும் பயந்து மடை வெட்டுற இந்தக் கை இருக்கு. பயிர் போனா அந்தப் பட்டினியை விவசாயி இல்ல, நாடு ஏத்துக்கும்னு முதல் வரியில எழுதுங்க. அப்புறம் மடையை விவசாயிங்களே பாத்துக்குவாங்க.”