மூன்றாவது ஓரம்

கடல்நீர் இன்னும் உப்புக் கரிக்காத காலம் என்று வைத்துக்கொள்ளுங்களேன், அவ்வளவு பழைய கதை இது! அலைவாய்ப்பட்டினத்து ராஜா ஆண்டுதோறும் படகுப் போட்டி நடத்துவார். எதிரே இருந்த தீவைச் சுற்றிவிட்டு முதலில் கரை சேரும் படகுக்காரர் ஓராண்டுக்கு அருகிலுள்ள விரிகுடாவில் மீன்பிடிக்கலாம். மற்றவர்கள் ஆழ்கடலுக்குத்தான் போக வேண்டும்.

செங்கமலத்தின் புருஷன் நீலவண்ணன் போன ஆண்டு தோற்றான். ஆழ்கடல் அவன் தம்பியை விழுங்கிவிட்டது. இந்த முறையும் தோற்றால்? புருஷனையும் கடலுக்குக் கொடுக்கச் செங்கமலம் தயாராக இல்லை. அதனால் பாயை அவளே தைத்தாள். தைத்தவரும் அந்தப் படகில் ஏறியாக வேண்டும் என்பது அவ்வூர் வழக்கம்.

போட்டி நாள் வந்தது. முக்கோணப் பாய், மூன்று ஓரம்; புறப்பாட்டுக்கும் மூன்று முரசு. முதல் முரசு முழங்குவதற்குள் முதல் ஓரத்தை இரண்டு மடிப்பாக மடித்துத் தைத்துவிட்டாள். இரண்டாம் முரசுக்குள் இரண்டாம் ஓரமும் முடிந்தது. மூன்றாம் முரசு! அதுதான் புறப்பாடு. மூன்றாம் ஓரத்திலோ பாதி பாக்கி!

போட்டியில் மொத்தம் மூன்றே படகுகள். பக்கத்துப் படகில் தையல்காரன் மாசிலன் சிரித்தான். அவன் பாயில் தங்க நூலில் மீன்கள் மின்னின.

"என்ன தாயி, ஓரம் மடிச்சே பொழுதை ஓட்டப் போறியா? ஒத்தை மடிப்பு போதும். நாங்க ரெண்டு படகுக்காரரும் அப்படித்தான் அடிச்சோம்!"

மற்ற இரண்டு படகுகளும் பறந்தன.

"ஏ புள்ள, எல்லாரும் போயிட்டாங்க! வந்து ஏறு!" என்று நீலவண்ணன் கத்தினான்.

"பொறுங்க! பிசிறு உள்ள அடங்கணும். ஒரு நூல் முனை கிடைச்சாலும் காத்து விடாது."

ஊசி நிற்கவில்லை. கடைசி முடிச்சு போட்டாள். பாய் ஏறியது, படகு பாய்ந்தது!

தீவின் பின்புறம் பேய்க்காற்று அடித்தது. மாசிலன் பாயின் ஓரத்தில் ஒரு நூல் பிரிந்தது. பிறகு ஒரு சாண், பிறகு ஒரு முழம். சர்ரென்று கிழிந்து தங்க மீன்களெல்லாம் கந்தலாய்ப் பறந்தன! அடுத்த படகுக்கும் அதே கதி. செங்கமலத்தின் பாயோ விம்மிப் புடைத்தது. ஒரு தையல்கூட விடவில்லை.

"தாயி, ஒரு கயிறு வீசு!" என்று மாசிலன் கெஞ்சினான்.

அவள் வீசினாள். பின்னால் இரண்டு படகுகளைக் கட்டி இழுத்தபடி அவர்கள் முதலில் கரை சேர்ந்தார்கள். விரிகுடா அவர்களுடையதாயிற்று. நீலவண்ணன் அந்த மூன்றாவது ஓரத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

ஆகவே கேட்டவர்களே, அவசரத்தில் அரைகுறையாக விட்ட வேலை ஆபத்தில் காலை வாரிவிடும், பொறுத்திருந்து முழுதாக முடித்த வேலைதான் கரை சேர்க்கும்.